நல்ல தண்ணி மீனுக்கு நல்லதா?

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயில் கொண்ட ஊர். பக்கத்தில் நிட்சேப நதி உண்டு என்றாலும், மழைக்காலம் போனால் அதில் மணல்தான். இந்த வட்டாரத்துப் பேச்சில் தண்ணீர் இரண்டு வகை. ஆழ்குழாயில் இறைப்பது உப்புத் தண்ணி. குடிப்பதற்குக் குழாயில் வருவது நல்ல தண்ணி. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து கோல்டு ஃபிஷ், கப்பி வளர்க்கிற பிள்ளைகள் மீன்மேல் உள்ள பாசத்தில் நல்ல தண்ணியைத்தான் பிடித்து ஊற்றுவார்கள். சிறிது நேரத்தில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். விடிந்து பார்த்தால் மிதக்கும். தண்ணீரில் அழுக்கு இருந்ததால் அவை சாகவில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்த பொருளே அவற்றைக் கொன்றது.

ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத் திறப்பது தமிழ்நாட்டு வழக்கம். நல்ல பவுடரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செயல்படும் குளோரின். அப்படியானால் தொட்டியில் ஒரு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் குளோரின் சேர்கிறது. கிருமிகளோடும் அழுக்கோடும் போராடி ஒரு பகுதி தீர்ந்துபோகும். தீர்ந்தது போக, குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. மிஞ்சினால்தான் வழியில் குழாய் உடைப்பிலோ குடத்திலோ புகும் கிருமியும் சாகும். காலராவும் டைபாய்டும் தெருத்தெருவாக ஆளை வாரிக்கொண்டு போன காலம் முடிந்ததில் இந்தச் சிறு மிச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மீனின் கணக்கு வேறு. நன்னீர் உயிர்களைக் காக்க, ஒரு மணி நேரச் சராசரியாகக்கூட லிட்டருக்கு 0.019 மில்லிகிராம் குளோரினைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வரையறுத்திருக்கிறது. நமக்குக் குறைந்தபட்சம் வேண்டும் என்கிற அளவே இதைப்போல் பத்து மடங்கு. மனிதருக்குப் பாதுகாப்பு தொடங்கும் இடத்துக்கு வெகு முன்பே மீனுக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீன் வளர்ப்பில் பாதிச் சாவு குறையும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? நாம் தண்ணீரைக் குடிக்கிறோம். வாயிலும் வயிற்றிலும் உள்ள உணவு, எச்சில், புரதம் இவற்றோடு கலந்த உடனே அந்தத் துளி குளோரின் வினைபுரிந்து தீர்ந்துவிடும், ரத்தம்வரை போவதில்லை. மீனோ தண்ணீரைச் சுவாசிக்கிறது. ஒவ்வொரு மடக்கும் செவுள் வழியே ஓட வேண்டும். ஆக்சிஜன் எளிதாக உள்ளே நுழைவதற்காக, செவுளில் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே சில மைக்ரான் தடிமனில் ஒரு சவ்வுதான் இருக்கிறது. பாக்டீரியாவின் உறையை எரிக்கும் அதே குளோரின் இந்தச் சவ்வையும் எரிக்கிறது. தற்காத்துக்கொள்ளச் செவுள் கோழையைச் சுரக்க, அதுவே மூச்சை அடைக்கிறது. சுற்றிலும் ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் இருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகிறது.

நம் தென் மாவட்டங்களின் வறண்ட பல ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவருகின்றன. அந்த ஆற்றுக்கே உரிய கெண்டை இன மீன் ஒன்று உண்டு. 1954இல் ஈ.ஜி. சைலஸ் அதை விவரித்து, ஆற்றின் பெயரையே சூட்டினார். இன்றைய அறிவியல் பெயர் டாகின்சியா தாம்ப்ரபர்னியை. முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீளும் ஆண் மீனைத் தொட்டியில் வைக்க ஆசைப்படுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். பிறந்த ஆற்றின் தண்ணீர்தான் என்றாலும், குழாயைத் திறந்த கையோடு பிடித்து ஊற்றினால் அதற்கும் இதே கதிதான்.

குளோரினுக்கு முறிவு கண்டவர்கள் மீன் வளர்ப்போர் அல்லர், துணி வெளுப்போர். பிளீச்சிங் பவுடரே துணிக்காகப் பிறந்தது: கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட் 1799இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வெளுத்த துணியில் தங்கிய குளோரின் நூலை இற்றுப்போகச் செய்தது. அதை முறிக்க ஆலைகள் பயன்படுத்திய உப்புகளில் ஒன்று சோடியம் தயோசல்பேட். இதே உப்பு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டார். பின்னாளில் ஸ்டூடியோ இருட்டறைகளில் ‘ஹைப்போ’ என்று அது குடியேறியது. இன்று மீன் கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று சின்ன பாட்டிலில் விற்பதும் பெரும்பாலும் இதன் கரைசல்தான். கடற்கரை இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் கடல்நீரைக் குளோரினால் சுத்தம் செய்து, மிச்சத்தை இதைக் கொண்டே முறிக்கிறார்கள். தறிச்சத்தம் கேட்கும் சங்கரன்கோவில் வட்டாரத்தில் இந்தக் கதையைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஒரு மில்லிகிராம் குளோரினை முறிக்க ஏறத்தாழ 7 மில்லிகிராம் ஹைப்போப் படிகம் வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி 56 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் இருந்தாலும் அரைக் கிராமுக்குள் வேலை முடிந்துவிடும், அதுவும் நொடிகளில்.

பைசா செலவில்லாத வழியும் உண்டு. அகலமான பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் தானே வெளியேறும். வெயிலில் வைத்தால் புறஊதாக் கதிர் அதை இன்னும் சீக்கிரம் சிதைக்கும். நம் ஊர் வெயிலுக்குச் சில மணி நேரமே போதும். கொசு முட்டையிட்டு வளரப் பல நாள் ஆகும் என்பதால், ஒரு நாள் வைத்த தண்ணீரால் டெங்கு வராது. ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் உறவினரிடம் இந்த வழியைச் சொல்லாதீர்கள். அங்கே குழாயில் வருவது குளோரமின். அது எளிதில் ஆவியாகாது, மருந்து ஊற்றித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. தொட்டி ஃபில்டரின் பஞ்சில் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருந்து, மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தப் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவினால் குளோரின் அவற்றையும் கொன்றுவிடும். அடுத்த சில நாளில் அம்மோனியா ஏறி, காரணம் தெரியாமலே மீன் சாகும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

உப்புத் தண்ணியை ஒதுக்கவும் வேண்டாம். குளோரின் கலக்காத, கடினத்தன்மை கூடிய நீரில் கப்பியும் மாலியும் செழிப்பாக வளரும். நியான் டெட்ராவுக்குத்தான் அது ஒத்துக்கொள்ளாது.

தண்ணீர் திறக்கிறவரிடம் போய், மீன் சாகிறது, மருந்தைக் குறைத்துப் போடுங்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த மருந்து ஊர்ப் பிள்ளைகளுக்காக. மீனுக்கான தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்து வையுங்கள்.