நான்கு ஆண்டுக்கு ஒரு கால அட்டவணை

ஜூலை, ஆகஸ்டு வந்தால் நம் சங்கத்தில் இரண்டு பேர் சந்திக்கும்போது கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளைக்கு எந்தக் காலேஜ் கிடைத்தது?" என்பதுதான். கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்துவிட்டால் பெற்றோருக்கு நிம்மதி. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் எந்தப் பாடத்தை எப்போது படிக்கப் போகிறார்கள் என்று விசாரிப்பவர்கள் குறைவு. எங்கள் காலத்தில் அதற்கு அவசியம் இருக்கவில்லை. கொடுத்த பாடங்களை எல்லோரும் ஒன்றாகப் படித்தோம். இன்றோ விருப்பப் பாடம், மைனர், ஹானர்ஸ், இணையவழிப் பாடம் என்று மாணவரே முடிவு செய்ய வேண்டியவை பல.

முதலில் கிரெடிட் கணக்கைப் பார்ப்போம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், பி.டெக். பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வகுத்தது. எட்டு செமஸ்டருக்குப் பிரித்தால் சராசரி 20. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட். லேப் என்றால் இரண்டு மணி நேரத்துக்குத்தான் ஒன்று. பாடத்தின் பெயருக்கு எதிரே 3-0-2-4 என்று அச்சிட்டிருந்தால், மூன்று மணி விரிவுரை, டியூட்டோரியல் இல்லை, இரண்டு மணி லேப், ஆக நான்கு கிரெடிட் என்று பொருள்.

அடுத்தது வரிசை. ரயில்வேயில் அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டியை அந்த பிளாக்கில் விடமாட்டோம். பாடங்களும் அப்படித்தான். புரோகிராமிங் தெரிந்தால்தான் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். அதன் பிறகே அல்காரிதம்ஸ். டிஜிட்டல் லாஜிக் முடித்தால் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் புரியும். அது புரிந்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எளிதாகும். டிஸ்கிரீட் கணிதம் இல்லாமல் கம்ப்யூடேஷன் தியரியில் கால் வைக்க முடியாது; கம்பைலர் அதற்கும் அடுத்த ஸ்டேஷன்.

இப்போது எல்லோருக்கும் மெஷின் லேர்னிங் மீது மோகம். தவறில்லை. ஆனால் அதற்கு லைன் கிளியர் கொடுப்பவை நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும். இவ்விரண்டையும் ஏனோதானோவென்று கடந்தவர்கள் ஆயத்த மென்பொருளை ஓட்டிக் காட்டுவார்கள். விடை ஏன் தவறாக வந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். செயற்கை நுண்ணறிவு என்றே தனிப் பிரிவில் சேர்பவர்கள், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ், டேட்டாபேஸ் ஆகியவை தங்கள் பாடத்திட்டத்தில் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் விருப்பப் பாடமாக எடுத்தாவது ஈடுசெய்யலாம்.

டிப்ளமா முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நானும் டிப்ளமாக்காரன், ஆகவே உரிமையோடு சொல்கிறேன். லேபில் உங்களுக்குக் கை ஓடும். ஆனால் மற்றவர்கள் முதலாண்டில் படித்த கணிதம் உங்களுக்கு விடுபட்டிருக்கும். மூன்றாம் செமஸ்டர் கணிதம் அதன் மேல்தான் கட்டப்படுகிறது. சேருமுன் கிடைக்கும் விடுமுறையில் கால்குலஸ், மேட்ரிக்ஸ் இரண்டையும் படித்துவிடுங்கள். கல்லூரி பிரிட்ஜ் கோர்ஸ் நடத்தினால் ஒரு வகுப்பும் தவறவேண்டாம். முதல் அரியர் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது.

அட்டவணையைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுவது நல்லது. பல கல்லூரிகளில் கேம்பஸ் நேர்முகம் ஏழாம் செமஸ்டரில் தொடங்கிவிடுகிறது. நிறுவனங்கள் துருவிக் கேட்பது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க்ஸ். இவை ஆறாம் செமஸ்டருக்குள் முடிந்திருக்க வேண்டும். அரியர் நிலுவையில் இருந்தால் நேர்முகத்துக்கே அழைக்காத நிறுவனங்களும் பல. மேற்படிப்புக்கான கேட் தேர்விலும் இதே பாடங்களோடு கணிதமும் டிஜிட்டல் லாஜிக்கும் சேர்ந்து வருகின்றன. எனவே வேலைக்கு ஒரு தயாரிப்பு, கேட்டுக்கு வேறொன்று என்று பிரிக்கத் தேவையில்லை.

மைனர் அல்லது ஹானர்ஸ் வேண்டுமென்றால் வழக்கமாக 18 முதல் 20 கிரெடிட் கூடுதலாகப் படிக்க வேண்டும். அதாவது ஒரு முழு செமஸ்டரின் சுமை. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இதற்குக் கைகொடுக்கும். பாடம் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். 12 வாரப் பாடத்துக்குப் பொதுவாக மூன்று கிரெடிட். ஆனால் தங்கள் கல்லூரி அந்தப் பாடத்தை ஏற்குமா என்று எழுத்துமூலம் கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். அரியர் வைத்துக்கொண்டு மைனரில் சேர்வது, பிரேக் பிடிக்காத வண்டியில் இன்னும் இரண்டு பெட்டிகளைக் கோப்பது போலாகும்.

கடைசியாக ஒன்று. பொதுவாக மாணவர் சேர்ந்த ஆண்டின் விதிமுறைதான் அவருக்குப் பொருந்தும். சீனியர் சொன்னார் என்று நம்ப வேண்டாம். அவருடைய விதிமுறை வேறாக இருக்கலாம். விதிமுறைப் புத்தகத்தை வாங்கி, எட்டு கட்டம் போட்ட ஒரு தாளில் பாடங்களை எழுதி, எதற்கு எது முன்பாடம் என்று அம்புக்குறி போடுங்கள். பெற்றோரும் கூட உட்காருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.