கருவறையில் முடியாத வேலை

விழித்திரையில் முதல் ரத்தக்குழாய் முளைப்பது கருவின் பதினாறாவது வாரத்தில். பார்வை நரம்பின் வாயிலிலிருந்து படரத் தொடங்கி, மூக்கோர விளிம்பை ஏறக்குறைய 36ஆம் வாரத்திலும், காதோர விளிம்பை 40ஆம் வாரத்திலும் தொடுகிறது. பூலாம்பாடி போன்ற ஊரில் ஒரு பெண்ணுக்கு 28ஆம் வாரத்திலேயே வலி கண்டுவிட்டால், கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் அந்தப் பிள்ளையின் விழித்திரை ஓரங்களுக்கு இன்னும் ரத்தக்குழாய் போய்ச் சேர்ந்திருக்காது.

கருவறையில் ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம். உயிர்காக்கக் கொடுக்கும் ஆக்சிஜன் அளவு மீறினால், ரத்தக்குழாய்களின் வளர்ச்சி நின்றுபோகும். சில வாரங்களில் வளர்ந்து தடித்த விழித்திரை ஆக்சிஜனுக்குத் தவிக்கிறது. அப்போது தாறுமாறாகக் கிளைக்கும் புதுக்குழாய்கள் திரையையே பிய்த்து இழுத்துவிடும். 1942இல் அமெரிக்க மருத்துவர் டெர்ரி இந்த நோயை விவரித்தார்; 1951இல் மெல்பர்னில் கேட் கேம்ப்பெல் ஆக்சிஜன்மீது சந்தேகத்தைத் திருப்பினார். அமெரிக்காவில் பொதுவாக ஒன்றரைக் கிலோவுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே கண் சோதனை. நம் நாட்டில் அதைவிடக் கனமான குழந்தைகளையும் இது தாக்குவதால், 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ எடை இரண்டு கிலோவுக்குக் குறைந்தாலோ கண்ணைப் பார்த்தாக வேண்டும்.

குறைமாதப் பிறப்பின் பாதிப்பு கண்ணோடு முடிவதில்லை. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றை ஒட்டிய வெண்பொருளில் நரம்பிழைகளுக்கு உறை போடப்போகும் இளம் செல்கள் 24 முதல் 32 வாரம்வரை மிக நலிந்தவை. கால்களை இயக்கும் இழைகள் அறைச்சுவருக்கு மிக அருகில் ஓடுகின்றன, கைக்கானவை சற்றுத் தள்ளி. அதனால்தான் அந்த வெண்பொருள் பழுதுபட்ட குழந்தைக்குக் கைகளைவிடக் கால்கள் விறைத்து, நுனிக்காலில் நடக்க நேர்கிறது. கண் கண்டதை மூளையின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோகும் இழைகளும் அதே ஓரத்தில்தான் செல்கின்றன! கண் மருத்துவர் குறையே இல்லை என்று சொன்ன பிள்ளை, கூட்டத்துக்குள் அம்மாவைக் கண்டுபிடிக்கத் திணறுவது இதனால்தான். அதைக் கவனக்குறைவு என்று அதட்டுவது பெரும் அநியாயம்.

மிகவும் முன்கூட்டிப் பிரசவிக்கப்போகும் தாய்க்கு மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டால் குழந்தைக்கு இப்படிக் கைகால் விறைக்கும் மூளைவாதம் வரும் அபாயம் குறைகிறது. விழித்திரை நோய் முற்றும் கட்டத்தில் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் செய்தால் பெரும்பாலும் பார்வை தப்பும்.

குறைமாதப் பிள்ளையோடு வீடு திரும்புகிறவர்களே, பிறந்த முப்பது நாளுக்குள், 28 வாரத்துக்கு முன் பிறந்ததென்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே, முதல் கண் சோதனை நடக்க வேண்டும். அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பள்ளிக்குப் போகும்வரை நடையையும் பார்வையையும் சோதிக்க அழைத்துக்கொண்டு போங்கள்.