கவரிங் தோடு கடிக்குதா? ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்

"அம்மா, உங்களுக்கு ஏதும் அலர்ஜி இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை, ஒண்டும் இல்லை."

லண்டனில் தாதியாக வேலை செய்யும் நான், எங்கட ஆட்களிடம் அடிக்கடி கேட்கும் பதில் இது. வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு வந்த ஓர் அம்மாவும் இதையே சொன்னார். நானும் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

சில நாட்களில், காயத்தை மூடப் போட்ட உலோகக் கிளிப்புகளைச் சுற்றித் தோல் சிவந்து கொப்புளித்தது. கிருமித்தொற்று என்று நினைத்து அன்ரிபயோட்டிக் கொடுத்தார்கள். ஆனால் காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. "நோகேல்லைப் பிள்ளை, கடிதான் தாங்கேலாமக் கிடக்கு" என்றார்.

அப்போதுதான் கேட்டேன்: "கவரிங் தோடு போட்டா என்ன செய்யும்?"

"ஐயோ, சின்னனில இருந்தே காது புண்ணாகும். பவுண் மட்டும்தான் ஒத்துக்கொள்ளும்."

கிளிப்புகளைக் கழற்றி, ஸ்டீராய்டு கிரீம் பூசியதும் அடங்கியது. பிழை அவருடையதல்ல. அலர்ஜி என்றால் மருந்து, சாப்பாடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தோட்டைப் பற்றி நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

உலோக ஒவ்வாமையில் முதலிடம் நிக்கலுக்குத்தான். மலிவான நகை, ஜீன்ஸ் பொத்தான், பெல்ட் பக்கிள் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். மருத்துவத்தில் பயன்படும் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 10 முதல் 14 சதவீதம் வரை நிக்கல் உண்டு. நல்ல ஸ்டீல் அதை எளிதில் வெளியே விடாது. அதனால் நிக்கல் ஒவ்வாத பலருக்கும் ஸ்டீலால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குத்தான் இப்படி ஆகும்.

முன்கூட்டியே சொன்னால் வழி இருக்கிறது. கிளிப்புக்குப் பதில் நூல் தையல் போடலாம். எலும்பு முறிவுக்கு டைட்டானியம் தகடு வைக்கலாம். முழங்கால் மாற்றுக்கு வழமையான கோபால்ட்-குரோமில் சிறிதளவு நிக்கலும் இருக்கும். வேறு உலோகத்தில் செய்த மூட்டுகளும் உண்டு. சந்தேகம் என்றால் முதுகில் 'பேட்ச் டெஸ்ட்' செய்வார்கள். ஒட்டியதை இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, பிறகு இன்னொரு முறையும் பார்ப்பார்கள்.

அதற்காகப் பயந்து சிகிச்சையை மறுக்காதீர்கள். மாரடைப்பு நேரத்தில் ஸ்டென்ட் வேண்டாம் என்று சொல்வது உயிரோடு விளையாடுவது.

அடுத்த முறை அம்மாவுக்கோ மாமிக்கோ மொழிபெயர்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைகளே, 'அலர்ஜி இருக்கா' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'கவரிங் போட்டாக் கடிக்குமா' என்றும் கேளுங்கள். நான் இப்போது எல்லோரிடமும் அதைக் கேட்கிறேன்.