காலை நேரத்தில் பக்கவாதம்

காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறது. காபி டம்ளர் கையில் நிற்காமல் நழுவுகிறது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதமாக இருக்கலாம்.

11,816 பக்கவாத நிகழ்வுகளைத் தொகுத்து 1998-இல் ஓர் ஆய்வு வெளியானது. நாள் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் வரவேண்டியதைவிட, காலை 6 மணி முதல் நண்பகல் வரை 49 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. காரணம் என்ன? விழித்தெழும் வேளையில் ரத்த அழுத்தம் விறுவிறுவென ஏறுகிறது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் உடலின் இயல்பான ஆற்றலோ, அந்த நேரம் பார்த்து மந்தமாக இருக்கிறது.

பருவமும் சும்மா இருப்பதில்லை. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் கூடும். மூளையில் ரத்தக்கசிவு குளிர்காலத்தில் அதிகம் என்று பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. கோடையில் உடலில் நீர் வற்றினாலும் ஆபத்துதான். ஆகவே பிரஷர் மாத்திரையை எந்த மாதத்திலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூங்கி எழும்போதே அறிகுறி தெரிந்தால், நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார். அந்த நேரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.