வானத்தில் ஒரு காலி இடம்

விமானப்படையில் ஒரு வழக்கம் உண்டு. உயிர்நீத்த விமானிக்கு மரியாதை செய்ய, அவருடைய தோழர்கள் அம்பு முனை போல அணிவகுத்துப் பறப்பார்கள். அதில் ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவார்கள். அது போனவருடைய இடம்!

2019 மே 27 அன்று பஞ்சாபில் உள்ள பிசியானா விமானதளத்தில் அப்படி ஓர் அணிவகுப்பு நடந்தது. மிக்-21 விமானத்தில் தலைமை தாங்கிப் பறந்தவர், அப்போதைய விமானப்படைத் தளபதி தனோவா. அந்தக் காலி இடம் ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹூஜாவுக்கு.

கார்கில் போரின்போது இருவரும் 17-வது ஸ்குவாட்ரனில் இருந்தார்கள். தனோவாதான் அதன் தலைவர். 1999 மே 27 அன்று நச்சிகேதா என்ற விமானியின் மிக்-27 எஞ்சின் நின்றுபோக, அவர் பாரசூட்டில் குதித்தார். அஹூஜா தளத்துக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால், தோழர் எங்கே விழுந்தார் என்று தேடி, ஆபத்தான அந்த இடத்தையே வட்டமிட்டார். ஏவுகணை தாக்கியது. அவர் உயிரோடு திரும்பவில்லை. எதிரியிடம் பிடிபட்ட நச்சிகேதா ஒரு வாரத்தில் விடுதலையானார். அஹூஜாவுக்கு மறைவுக்குப் பின் வீர சக்ரா விருது கிடைத்தது.

இருபது வருஷமானாலும் அந்த இடத்தை இட்டு நிரப்பவில்லை, பாருங்கள். ஆனால் நம் வீடுகளில்?

விமானப்படைக் குடியிருப்பில் பல வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். ஒரு வீட்டில் இளம் விமானி இறந்தபோது, "அப்பா டூட்டிக்குப் போயிருக்கார்னு குழந்தைகிட்ட சொல்லிடுங்க" என்றார்கள் பெரியவர்கள். விமானச் சத்தம் கேட்டால் போதும், அந்தப் பிஞ்சு வாசலுக்கு ஓடும். கடைசியில் தாயே மடியில் வைத்து, "அப்பா செத்துப்போயிட்டார், கண்ணா. இனிமே வரமாட்டார். அம்மா உன்கூடவே இருக்கேன்" என்றாள். இருவரும் அழுதார்கள். வாசலுக்கு ஓடுவது மெல்ல நின்றது. அப்பாவின் நண்பர் ஒருவர் அடிக்கடி வந்து, அப்பா செய்த குறும்புகளைச் சொல்லுவார். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும்.

இளம் தாய்மார்களே, மரணத்தைக் குழந்தையிடம் எளிய சொல்லில், உள்ளபடி சொல்லுங்கள். "தூங்குகிறார்" என்று சொன்னால், குழந்தை தூங்கவே பயப்படலாம். அதே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும், சலிக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள். படத்தை எடுத்து ஒளித்துவைக்க வேண்டாம்.

துக்க வீட்டுக்கு வேண்டியவர்களே, காரியம் முடிந்ததும் போவதை நிறுத்திவிடாதீர்கள். போனவருடைய பேரைச் சொல்லிப் பேசுங்கள். அந்தப் பேரைக் கேட்கத்தான் அந்த வீடு காத்திருக்கிறது.