பழைய கணினிக்குப் புது மேஸ்திரி

ஒரு வீடு கட்டுகிறார்கள். கொத்தனார் வந்துவிட்டார். சித்தாள் வந்துவிட்டார். தச்சரும் வந்துவிட்டார். மணல் வந்து இறங்கிவிட்டது. மேஸ்திரி மட்டும் வரவில்லை. வேலை நடக்குமா?

நடக்காது. யார் எங்கே நிற்பது, எந்தப் பொருளை யார் எடுப்பது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கணினியும் அப்படித்தான். திரை, தட்டச்சுப் பலகை, நினைவகம், அச்சடிக்கும் எந்திரம் எல்லாம் வேலையாட்கள். இவர்களை வேலை வாங்கும் மேஸ்திரிக்கு இயங்குதளம் என்று பெயர். கணினியைப் போட்டவுடன் முதலில் எழுந்து வருவது இதுதான். பிறகுதான் கணக்குப் போடுவது, கடிதம் எழுதுவது, படம் பார்ப்பது எல்லாம்.

நம் நாட்டில் பல கணினிகளில் விண்டோஸ் என்னும் இயங்குதளம் இருக்கிறது. அது ஒரு கம்பெனியின் சொத்து. அதற்குக் காசு கொடுக்க வேண்டும். லினக்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம்.

"காசு இல்லாமல் கொடுக்கிறார்களா? அப்படியானால் மட்டமான சரக்காகத்தான் இருக்கும்" என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு கதை.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம். அங்கே சித்தூர்ப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அந்தப் பக்கத்தில் 15 பெண்கள் சேர்ந்த ஒரு குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரா வாரம் சேமிப்பு. அவசரத்துக்குக் கடன். குழுவுக்கு ஒரு பழைய கணினி. யாரோ கொடுத்தது. செயலாளர் அக்கா அதில்தான் கணக்கு எழுதுவார்.

கணினி ரொம்ப மெதுவாகிவிட்டது. போட்டுவிட்டுப் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் திரை வந்திருக்காது. வைரஸ் தொல்லை வேறு. அதிலிருந்தது விண்டோஸ் 10. அதற்கு இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதைக் கம்பெனி 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. ஓராண்டு கூடுதலாக வாங்க வழி உண்டு என்றார்கள். அதற்குப் பிறகு? அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றில் ஏறாது. புதுக் கணினி வாங்கக் குழுவிடம் பணம் இல்லை.

அக்காவின் அண்ணன் மகன் கல்லூரியில் படிக்கிறான். "அத்தை, லினக்ஸ் போட்டுத் தரேன். செலவே இல்லை" என்றான். நல்ல பையன். ஆசையாகத்தான் செய்தான். கணக்கை எல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்தான். பிறகு லினக்ஸை ஏற்றுவதற்கு ஒரு பென் டிரைவ் தேவைப்பட்டது. கையில் இருந்தது ஒன்றுதான். அதே பென் டிரைவில் லினக்ஸை எழுதினான். எழுதும்போது அதில் இருந்த கணக்கு அழிந்தது. அவன் கவனிக்கவில்லை. அடுத்து கணினியின் வட்டை முழுவதும் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றினான். அங்கே இருந்த கணக்கும் போயிற்று.

புதுத் திரை அழகாக வந்தது. அக்கா கேட்டார்: "கணக்கு எங்கேடா?"

அவன் பென் டிரைவைச் செருகினான். முகம் வெளுத்துவிட்டது.

அந்த மாதம்தான் வங்கியில் கடனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். வங்கி கணக்குக் கேட்டது. கையால் எழுதிய பழைய பேரேடு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நின்றுபோயிருந்தது. பிறகு 15 பேரும் தங்கள் பாஸ்புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, இரவில் உட்கார்ந்து, இரண்டு ஆண்டுக் கணக்கை மறுபடி எழுதினார்கள். பதினோரு இரவு ஆயிற்று. இரண்டு பேருடைய புத்தகத்தில் தொகை ஒத்துப்போகவில்லை. அதற்கு ஒரு சண்டை.

இது லினக்ஸின் குற்றமா? இல்லை. எந்த இயங்குதளத்தை ஏற்றினாலும் இப்படி நடக்கும். முறை தெரிந்து செய்தால் நடக்காது. அந்த முறையைப் பார்ப்போம்.

அதற்கு முன், லினக்ஸ் யாருடையது?

1991ஆம் ஆண்டு. பின்லாந்து நாட்டில் ஒரு மாணவர். பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். வயது 21. தன் கணினிக்காக ஓர் இயங்குதளம் எழுதத் தொடங்கினார். ஆகஸ்ட் மாதம் அதை வெளியில் சொன்னார். "யார் வேண்டுமானாலும் பாருங்கள், திருத்துங்கள்" என்று கொடுத்துவிட்டார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983லேயே இந்த எண்ணத்தை அறிவித்திருந்தார். ஞூ என்ற பெயரில் பல பாகங்களை எழுதச் செய்திருந்தார். இரண்டும் சேர்ந்தன. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் கை கொடுத்தார்கள்.

அதே 1991. ஏப்ரல் 18. கோழிக்கோட்டில் பெரிய கூட்டம். கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று அறிவித்த நாள். அறிவித்தவர் மந்திரி அல்ல. மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா. எழுத்தறிவு வகுப்பில் படித்து எழுத்துக் கற்றவர். அதே மலப்புறத்தில் 2002இல் அட்சயா திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவராவது கணினி கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இன்று கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினி படிப்பது லினக்ஸில்தான். 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றமும் இருக்கிறது.

கோலத்தை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு நல்ல கோலம். பார்த்து நோட்டில் வரைந்து கொள்கிறோம். இரண்டு புள்ளி கூட்டிப் போடுகிறோம். எதிர் வீட்டுப் பெண் கேட்டால் கொடுக்கிறோம். லினக்ஸும் அப்படித்தான். பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. மாற்றிக் கொடுப்பவர், வாங்குபவருக்கும் அதே உரிமையைக் கொடுக்க வேண்டும். கோலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தக் கூடாது. இதைக் கட்டற்ற மென்பொருள் என்பார்கள். திறந்த மூல மென்பொருள் என்றும் சொல்வார்கள்.

லினக்ஸில் பல வகை உண்டு. அரிசியில் பொன்னி, மட்டை என்று இருப்பது போல. உபுண்டு, மின்ட், டெபியன் என்று பெயர்கள். நம் மத்திய அரசின் சிடாக் நிறுவனம் செய்தது பாஸ். அதில் இந்திய மொழிகள் பல உண்டு. புதிதாகக் கற்பவருக்கு உபுண்டு அல்லது மின்ட் எளிது. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி என்றால் எடை குறைந்த லுபுண்டு போன்ற வகை நல்லது. எந்த வகை நல்லது என்று நாள் முழுவதும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஆகாது.

இனி முறை. செயலாளர் அக்காவின் மகள் ஒன்பதாம் வகுப்பு. லிட்டில் கைட்ஸில் இருக்கிறாள். இரண்டாவது முறை அவள்தான் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தாள். இம்முறை அண்ணன் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

"அம்மா, முதலில் எத்தனை பென் டிரைவ்?" என்று கேட்டாள்.

"இரண்டு" என்றார் அக்கா. ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். அது கணக்குக்கு. இன்னொன்றில் பச்சை நூல். அது லினக்ஸுக்கு.

கணக்கு, படம், கடிதம் எல்லாவற்றையும் சிவப்பு நூலில் எடுத்தார்கள். எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறொரு கணினியில் செருகித் திறந்து பார்க்க வேண்டும். அக்கா பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனார். கடைசி வாரக் கணக்கு திறக்கிறதா, கூட்டுத்தொகை சரியா என்று பார்த்தார். பிறகு அந்தப் பென் டிரைவை வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கணினி இருக்கும் மேசையில் அது இருக்கவே கூடாது.

லினக்ஸை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். 3 முதல் 6 ஜிபி வரை இருக்கும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். இறக்கியதை அப்படியே பென் டிரைவில் போட்டால் கணினி எழாது. அதை எழுதுவதற்கென்று சிறு மென்பொருள் உண்டு. ரூபஸ் என்பது ஒன்று. அது பென் டிரைவில் உள்ளதை அழித்துவிட்டுத்தான் எழுதும். அண்ணன் மகன் சறுக்கிய இடம் இதுதான்.

பென் டிரைவைச் செருகிக் கணினியைப் போட வேண்டும். போட்டவுடன் எஃப்12, எஃப்2, எஸ்கேப் என்று ஏதாவது ஒரு விசையைத் தட்ட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி விசை மாறும். பட்டியல் வரும். அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

லினக்ஸ் எழுந்து வரும். இன்னும் கணினியில் ஏறவில்லை. பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது. புடவைக் கடையில் புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பது போல. இங்கே அவசரப்படாதீர்கள். இணையம் வருகிறதா? ஒலி கேட்கிறதா? அச்சடிக்கும் எந்திரம் வேலை செய்கிறதா? பாருங்கள். சில கணினிகளில் வைஃபை வராது. அதன் ரகசியத்தைத் தயாரித்த கம்பெனி வெளியே கொடுக்காததுதான் காரணமாக இருக்கும். முன்பே தெரிந்தால் வழி தேடலாம். பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டுப் பென் டிரைவை எடுத்துவிடலாம். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

பிடித்திருந்தால் ஏற்றலாம். மின்சாரம் நிற்காத நேரமாகப் பாருங்கள். நடுவில் நின்றால் வேலை பாதியில் கெடும். மொழி கேட்கும். நேரம் எந்த ஊர் என்று கேட்கும். அங்கே சென்னையையோ கொச்சியையோ தேட வேண்டாம். இந்தியா முழுவதற்கும் கொல்கத்தாதான்.

அடுத்து வரும் கேள்விதான் முக்கியம். விண்டோஸ் பக்கத்தில் இடம் ஒதுக்கி ஏற்றவா? அல்லது வட்டு முழுவதையும் துடைத்துவிட்டு ஏற்றவா? முதல் வழியில் இரண்டும் இருக்கும். கணினியைப் போடும்போது எது வேண்டும் என்று கேட்கும். இரண்டாவது வழியில் பழையது எதுவும் மிஞ்சாது. திரும்பி வராது. இந்த இடத்தில் மகள் கையை எடுத்துக் கொண்டாள். "அம்மா, நீயே படி. நீயே அழுத்து" என்றாள். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து சிவப்பு நூலைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம்தான் அழுத்தினார்.

அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஏற்றிவிட்டால் போதுமா? வீட்டைக் கட்டிவிட்டால் பெருக்க வேண்டாமா?

ஏற்றும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். இது பீரோச் சாவி மாதிரி. கணக்கு எழுத, படிக்க, கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்காது. புது மென்பொருள் ஏற்றவோ, அமைப்பை மாற்றவோ போனால் கேட்கும். அதனால்தான் யாரோ அனுப்பிய கெட்ட நிரல் சட்டென்று உள்ளே போய் உட்கார முடிவதில்லை. வைரஸே வராது என்று சொல்வது சரியல்ல. குறைவு. காரணமில்லாமல் கடவுச்சொல்லைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்வதற்கு ஒரு கறுப்புத் திரை உண்டு. அதற்கு முனையம் என்று பெயர். அங்கே கடவுச்சொல்லை அடித்தால் சில வகைகளில் எதுவும் தெரியாது. புள்ளிகூடத் தெரியாது. "தட்டச்சுப் பலகை கெட்டுப்போச்சு" என்று அக்கா பயந்துவிட்டார். கெடவில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு எத்தனை எழுத்து என்றுகூடத் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி. அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

மென்பொருள் வேண்டும் என்றால் கண்ட இடத்தில் இறக்க வேண்டாம். லினக்ஸுக்கு என்று களஞ்சியம் இருக்கிறது. சோதித்து வைத்த ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் அதில் உண்டு. வாரம் ஒரு முறை அதைக் கேட்க வேண்டும். உபுண்டுவில் இதற்கு இரண்டு கட்டளை. 'அப்டேட்' என்பது, என்ன புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று பட்டியலை மட்டும் வாங்கி வரும். 'அப்கிரேட்' என்பதுதான் சரக்கைக் கொண்டுவரும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு, கணினி புதுப்பிக்கப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கடைக்குப் பட்டியல் எழுதினால் வீட்டுக்கு அரிசி வந்துவிடுமா?

இன்னொன்று. கறுப்புத் திரையில் அழிக்கும் கட்டளை 'ஆர்எம்'. அதில் அழித்தால் குப்பைத் தொட்டிக்குப் போகாது. ஒரேயடியாகப் போய்விடும். யாராவது வேடிக்கைக்கு ஒரு கட்டளை சொன்னால், அது என்ன என்று தெரியாமல் அடிக்காதீர்கள்.

கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருள் பல லினக்ஸ் வகைகளுடனேயே வரும். தமிழும் மலையாளமும் அதில் எழுதலாம். தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். சிக்கலும் உண்டு. சில கணக்கு மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடும். உங்கள் வேலை அதில்தான் என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் கிறுக்கல்களாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அக்கா குழுவின் பழைய தீர்மானங்கள் பாதி இன்னும் மாற்றாமல் கிடக்கின்றன. மகள் விடுமுறையில் உட்கார்ந்து செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

கணக்கை வாரா வாரம் சிவப்பு நூலில் எடுப்பது இப்போது கூட்டத்தில் ஒரு வேலை. முறை வைத்துச் செய்கிறார்கள். பேரேட்டில் கையாலும் எழுதுகிறார்கள்.

ஏதாவது தடங்கல் வந்தால் யாரைக் கேட்பது? அரசுப் பள்ளி ஆசிரியரைக் கேட்கலாம். லினக்ஸ் தெரிந்த பிள்ளைகளைக் கேட்கலாம். பல நகரங்களில் கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் "கணினி வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. திரையில் வந்த வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் நீங்கள் எதை அழுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளோடு போய்க் கேளுங்கள்.