திரையில் விரியும் மரப்பட்டியல்: தாமதத்தின் காரணம் யாது?

கணிப்பொறித் திரையின் ஓரத்தில் கோப்புகளின் பெயர்கள் கிளைகிளையாக விரியும் பட்டியலைப் பலரும் கண்டிருப்பர். இதனை ஆங்கிலத்தில் ‘ட்ரீ’ என்பர். நாமும் மரம் என்றே கூறலாம். ஆயினும் இம்மரத்திற்கு வேர் மேலேயும் இலைகள் கீழேயும் உள்ளன. இவ்வகையில் இது குடும்பங்களில் எழுதிவைக்கும் கொடிவழிப் பட்டியலையே பெரிதும் ஒத்தது.

பெயர்கள் சில நூறாக உள்ளவரை மரம் கணத்தில் விரியும். அவை லட்சக்கணக்கில் பெருகிவிட்டாலோ, திரை அசைவற்று நிற்பதுண்டு. சாவியை அழுத்தியதற்கான மறுவினை பத்தில் ஒரு விநாடிக்குள் தோன்றவேண்டும் என 1968-இல் ராபர்ட் மில்லர் என்பவர் எழுதினார். அந்த அளவு தாண்டினால், பணியாளர் மறுபடியும் மறுபடியும் அழுத்தத் தொடங்குகிறார், குழப்பம் மிகுகிறது.

ஓர் உதாரணம் காண்போம். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் நாட்டில் 640 மாவட்டங்களும், 5,924 வட்டங்களும், 6,40,000-க்கு மேற்பட்ட கிராமங்களும் இருந்தன. இவை அனைத்தையும் ஒரே மரமாக அமைத்து, எல்லாக் கிளைகளையும் விரிப்பதாகக் கொள்வோம். திரையில் ஒரே சமயத்தில் தெரிபவை நாற்பது வரிகளே. அவற்றை வரைவது எளிய வேலை. அவ்வாறாயின் தாமதம் எங்கே நிகழ்கிறது?

காணாத வரிகளை அளப்பதிலேயே நிகழ்கிறது. 1998-இல் ஜாவா மொழியின் 1.2 பதிப்புடன் வெளிவந்த ஸ்விங் தொகுதியின் ‘ஜேட்ரீ’ என்னும் உறுப்பை எடுத்துக்கொள்வோம். வரியின் உயரம் இன்னது என முன்னரே கூறாவிடில், அது ஒவ்வொரு வரியையும் தனித்தனியே அளந்தறிய முற்படும். மொத்த உயரம் தெரிந்தாலன்றி நகர்த்துபட்டையின் அளவை நிர்ணயிக்க இயலாதன்றோ? ஒரு வரியை அளக்க விநாடியின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு ஆகுமென்று கொண்டாலும், 6,40,000 வரிகளுக்கு 32 விநாடிகள் செல்லும். எல்லா வரிகளுக்கும் ஒரே உயரத்தை விதித்து, ‘இது பெரிய மரம்’ என்று அறிவிக்கும் பண்பையும் அமைத்துவிட்டால், அளத்தல் நீங்கிப் பெருக்கலும் வகுத்தலுமே எஞ்சுகின்றன. இந்த இரண்டு சிறு கட்டளைகளை எழுத மறந்தமையாலேயே கணிப்பொறி பழையதென்று பழிக்கப்படுவதும் உண்டு.

மற்றொரு பிழை அறிவிப்பு முறையிலுள்ளது. ஒரு கிளையில் 1,000 பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ‘கிளை முழுவதும் மாறிவிட்டது’ என்று அறிவித்தால், மரம் முதலில் ஒன்றையும், பின்னர் இரண்டையும், இவ்வாறே ஆயிரம் வரையும் புதிதாக ஆராயும். கூட்டினால் 5,00,500 ஆய்வுகள்! அனைத்தையும் சேர்த்தபின் ஒருமுறை அறிவித்தால் ஆயிரமே போதும்.

இவற்றினும் சிறந்த வழி, கேளாததைக் கொணராதிருத்தல். வட்டத்தின் பெயரைத் தொடும்போதுதான் அதன் கிராமங்களைத் தரவுக் களஞ்சியத்திலிருந்து பெறவேண்டும். அதுவரை அதனுள் உறுப்புகள் உண்டென்னும் குறி மட்டும் போதுமானது. அவற்றை எண்ணாமலே அக்குறியைக் காட்டவும் ஜேட்ரீயில் வசதியுண்டு.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஸ்விங்கில் திரையை வரைவதும் பயனரின் செயல்களை ஏற்பதும் ஒரே பணியிழையின் பொறுப்பு. அலுவலக முகப்பில் ஒரே எழுத்தர் இருந்து, அவரே ஆவணக் காப்பறைக்கும் சென்றுவிட்டால் முகப்பு மூடிக்கிடக்கும். அதுவே இங்கும் நிகழும். ஆகவே தேடும் வேலையைப் பிறிதோர் இழையிடம் ஒப்படைத்து, முடிவை மட்டும் திரையிழையிடம் சேர்ப்பிக்க வேண்டும். இதற்கென ‘ஸ்விங்வொர்க்கர்’ என்னும் கருவி 2006-இல் ஜாவாவின் ஆறாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

ஒரே உயரம் விதிப்பதில் ஒரு குறையும் இல்லாமலில்லை. நீண்ட பெயர்களை இரண்டு வரிகளாக மடித்தெழுத அதில் இடமிராது. பெயர்கள் சில நூறே உள்ள மரத்தில் அளக்கும் பழைய முறையே தகும்.